பிச்சுக்கிட்டுப் போகுது பிச்சி!

திருநெல்வேலி என்றால் அல்வா. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். சாத்தூர் என்றால் சேவு. புளியங்குடி என்றால் எலுமிச்சை. தென்பாண்டிச் சீமையில் ஒவ்வொரு ஊரும் ஏதாவது ஒரு பண்டத்தைத் தன் பெயரில் பட்டா போட்டு வைத்திருக்கிறது. சரி, சங்கரன்கோவிலுக்கு என்ன?

பக்திமானைக் கேட்டால் 'ஆடித்தபசு' என்பார். சாப்பாட்டு ராமனைக் கேட்டால் 'மட்டன் பிரியாணி' என்று சொல்லிவிட்டு எச்சில் விழுங்குவார். ஜவுளி வியாபாரி 'விசைத்தறி' என்பார். மூன்றும் சரிதான். ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கு அந்த ஊரில் வந்து இறங்குகிறவனின் மூக்குக்கு நாலாவதாக ஒரு பதில் கிடைக்கும்.

பூ!

டீக்கடையில் பாய்லர் கொதிக்கிற வாசனையையும், பஸ் புகையையும் தாண்டிக்கொண்டு வரும் பாருங்கள், ஒரு மணம்... ஊரே கல்யாண மண்டபமாகிவிட்ட மாதிரி இருக்கும். தலை சீவாமல், பல் விளக்காமல் நிற்கும் நமக்கே 'மாப்பிள்ளை தோழன்' என்று ஒரு எண்ணம் வந்துவிடும்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஆடித்தபசும் இல்லை, பிரியாணியும் இல்லை (பிரியாணியையும் விடவில்லை என்பது வேறு விஷயம்). காரணம், ஒரு தொங்கும் தொட்டி.

பி.காம். படிக்கும்போது எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பர், இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். கல்யாணமாகி ஊட்டிக்குப் போனவர், அங்கே ஒரு பங்களா வராந்தாவில் தொங்கிய ஜெரேனியம் தொட்டிகளைப் பார்த்துவிட்டார். கொடி சரசரவென்று கீழே இறங்கி, நுனியெல்லாம் ரோஸ் கலரில் கொத்துக் கொத்தாகப் பூ. "நம்ம வீட்டு பால்கனியிலயும் இப்படித் தொங்கணும்ங்க" என்று புது மனைவி சொன்னால் எந்தப் புருஷனாவது மறுப்பானா? வாங்கி வந்து தொங்க விட்டார். தை, மாசியில் தொங்கியது. சித்திரை வெயிலில் அதுவும் தொங்கிப் போய்விட்டது... நிரந்தரமாக!

பாவம், செடியைச் சொல்லிக் குற்றமில்லை. தொங்கும் ஜெரேனியத்தின் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. ஐரோப்பாவில் போய்க் குடியேறி, சுவிட்சர்லாந்து காலண்டர்களில் மர வீட்டு ஜன்னலுக்கு ஜன்னல் சிரித்துக்கொண்டிருப்பது அதுதான். குளுகுளுவென்று இருந்தால் அதற்குச் சம்மதம். ஊட்டி, கொடைக்கானல் வரை வரும். கத்திரி வெயிலில் கோடம்பாக்கத்துக்கு வா என்றால் எப்படி வரும்?

இந்தச் சோகக் கதையை நண்பர் போனில் தன் சித்தப்பாவிடம் சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து வந்ததாம் பதில்: "ஏலே, தொங்குற கொடிதான வேணும்? இங்க அரை ஏக்கருக்குத் தொங்குதுல்லா! வந்து பாருடே!"

சித்தப்பாவுக்குச் சங்கரன்கோவில் பக்கம் பிச்சித் தோட்டம். ஆவணி மாசம், ஓணத்துக்கு முந்தின வாரம், நாங்கள் இரண்டு பேரும் ரயிலேறினோம்.

* * *

சென்னையிலிருந்து போக வசதியானது பொதிகை எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறிப் படுத்தால், விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று தூக்கத்திலேயே தாண்டி, காலையில் சங்கரன்கோவில். பஸ் என்றால் திருநெல்வேலியிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். 2019 நவம்பரில் தென்காசியைத் தனி மாவட்டமாக்கியபோது இந்த ஊரும் அதோடு போய்விட்டது. விலாசத்தில்தான் மாவட்டம் மாறியிருக்கிறதே தவிர, பேச்சில் அதே 'அண்ணாச்சி', அதே 'வாரியளா', அதே 'சோலி'.

ஊருக்குப் பெயர் கொடுத்த சங்கரநாராயணர் கோயிலைப் பார்க்காமல் பூவைப் பற்றிப் பேசினால் அம்பாள் கோபித்துக்கொள்வாள். ஒன்பது நிலை ராஜகோபுரம். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சங்கன் சிவ பக்தன், பதுமன் பெருமாள் பக்தன். 'உங்க ஆள் பெரியவரா, எங்க ஆள் பெரியவரா' என்று இரண்டு பேருக்கும் சண்டை. ரஜினியா கமலா என்று ஆபீஸ் கேன்டீனில் நடக்குமே, அந்த மாதிரி. தீர்ப்புக் கேட்டு கோமதியம்மனிடம் போக, அம்பாள் தபசு இருந்தாள். ஒரே உடம்பில் ஒரு பாதி சங்கரனாகவும் மறு பாதி நாராயணனாகவும் காட்சி கிடைத்தது என்பது ஸ்தல புராணம். ஆடி மாதத்தில் நடக்கும் ஆடித்தபசு அந்தக் காட்சிக்கான திருவிழாதான்.

பாம்பு கதை என்பதால் இங்கே புற்றுமண்தான் பிரசாதம். தோல் வியாதிக்கு நல்லது என்று ஜனங்கள் பூசிக்கொள்கிறார்கள். தபசு அன்றைக்கு விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, வத்தல் என்று சப்பரத்தை நோக்கி வீசுகிற பழக்கமும் உண்டு. 'நீ கொடுத்ததில் உனக்கும் கொஞ்சம்' என்கிற கணக்கு.

ஊருக்குக் கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கம் போகப் போகக் கரிசல். பருத்தியும் வத்தலும் அந்த மண்ணின் பிள்ளைகள். பிச்சிக்குக் கரிசல் சரிப்படாது. தண்ணீர் தேங்காமல் வடிகிற செவல் மண் வேண்டும். சித்தப்பாவின் தோட்டம் மேற்கே செவல் காட்டில் இருந்தது.

* * *

"வெள்ளன எந்திரிப்பியளா தம்பி?" என்று முதல் நாள் ராத்திரியே சித்தப்பா கேட்டார். ஆபீஸ் போகிறவனுக்கு வெள்ளன என்றால் ஆறு மணி. சித்தப்பாவுக்கு வெள்ளன என்றால் இரண்டரை!

இருட்டில் தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தெரிந்தது செடி இல்லை. ஆங்காங்கே மினுக் மினுக்கென்று அலைந்த வெளிச்சம். நெற்றியில் பட்டை போட்டு மாட்டிய டார்ச் லைட்டோடு பெண்கள் பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கத் தொழிலாளி மாதிரி தலையில் விளக்கு. இடுப்பில் மடி. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்கிறது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவர்கள் தோற்றார்கள் போங்கள்!

எந்த மொட்டைப் பறிப்பது, எதை விடுவது என்பதில்தான் சூட்சுமம். நாளைக்கு மலர வேண்டியது பச்சை தட்டியிருக்கும், அதைத் தொடக்கூடாது. இன்று சாயங்காலம் மலரப் போவது நீண்டு, பருத்து, வெளிப்பக்கம் லேசாக ரோஸ் பூசின மாதிரி இருக்கும், அதை விடக்கூடாது. விட்டால் மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை மார்க்கெட்டில் யாரும் மதிப்பதில்லை. ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் மொட்டு. ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். இதற்கு இன்றுவரை மெஷின் கிடையாது.

பூ எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சியிடம் நண்பர் கேட்டார். "ஆச்சி, பாம்பு பூச்சி இருக்காதா?"

"இருக்கும். அதுபாட்டுக்கு அது இருக்கும், நாங்கபாட்டுக்கு நாங்க இருப்போம். கோமதி பாத்துக்கிடுவா."

நண்பர் அதற்கப்புறம் வரப்பை விட்டு இறங்கவில்லை.

வெளுத்ததும்தான் செடியைப் பார்த்தேன். மல்லிகை, முல்லை, பிச்சி மூன்றும் பங்காளிகள். மல்லிகை குண்டாக, புதராக உட்கார்ந்திருக்கும். முல்லை மொட்டு ஊசியாக இருக்கும். பிச்சிதான் உண்மையான சோம்பேறி. நிமிர்ந்து நிற்காது, கிளை நாலு பக்கமும் வளைந்து, சரிந்து, பக்கத்துச் செடி மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஊட்டி பங்களாவில் தொட்டியிலிருந்து வழிந்த ஜெரேனியம் இதன் முன்னால் சின்னப் பிள்ளை. வட ஜில்லாக்களில் இதையே ஜாதிமல்லி என்பார்கள். தாவரவியல்காரர்கள் வைத்த பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம்.

இந்த சோம்பேறிக்கு உலக அளவில் இருக்கிற மரியாதையைக் கேட்டால் அசந்துபோவீர்கள். பிரான்சில் கிராஸ் என்று ஓர் ஊர். செண்டு தயாரிப்பின் தலைநகரம். அங்கே செண்டுக்காக வளர்த்ததும் இதே இனம்தான். 1921-ல் வெளிவந்த 'ஷனேல் நம்பர் ஃபைவ்' என்ற பிரசித்தி பெற்ற செண்டில் கிராஸ் ஊர்ப் பிச்சியின் சாறு இருக்கிறது. இன்றைக்கு இந்தப் பூவின் சாற்றை அதிகமாக உலகத்துக்குக் கொடுப்பவை இந்தியாவும் எகிப்தும். ஆயிரம் கிலோ பூவைப் போட்டால் மெழுகு மாதிரி சுமார் மூன்று கிலோ கிடைக்கும். அதைச் சுத்தம் செய்தால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஃபாரின் செண்டு ஏன் அந்த விலை விற்கிறது என்று இப்போது புரிகிறதா?

* * *

ஆறு மணிக்கெல்லாம் பூச்சாக்கை டூவீலரில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார் சித்தப்பா. ஈரச் சாக்கு. அதற்குள் நசுங்காமல் பூ. பின்னாடி நான்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டை ஒரு தடவை பார்த்துவிட்டால் பங்குச் சந்தையெல்லாம் பஜனை மடம் மாதிரித் தெரியும். கமிஷன் கடைகள் வரிசையாக. தரையில் படுதா. அதன் மேல் மல்லிகை, பிச்சி, முல்லை, அரளி, சம்பங்கி, கேந்தி, கோழிக்கொண்டை, துளசி எல்லாம் குவியல் குவியலாக. எடை போடுகிறவர் ஒரு ராகம், விலை கேட்கிறவர் ஒரு ராகம், சீட்டு எழுதுகிறவர் ஒரு ராகம். நடுவில் டீ கொண்டுவரும் பையன் எல்லோரையும் மிதிக்காமல் போகிறான் பாருங்கள், அது தனி வித்தை.

ஓணம் நெருங்கியதால் கேரள வியாபாரிகள் ஆள் வைத்து வாங்கினார்கள். இங்கிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை தாண்டினால் புனலூர், கொல்லம். அத்தப்பூக் கோலத்துக்குக் கேந்தி, கோழிக்கொண்டை. தலையில் வைக்கப் பிச்சி. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்து வண்டியில் ஏற்றினார்கள். பிச்சுக்கிட்டுப் போனது பிச்சி!

நானும் நண்பரும் காமர்ஸ் மூளையோடு நின்று பார்த்தோம். பி.காம். முதல் வருஷத்தில் ஒரு விதி மனப்பாடம் செய்திருப்போம்: இறுதிச் சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். பூ வியாபாரத்தில் இறுதிச் சரக்கு என்று ஒன்றே கிடையாது. சாயங்காலம் மிஞ்சினால் அது குப்பை. கார் வாங்கினால் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் தேய்மானம் எழுதுவோம். இங்கே பன்னிரண்டு மணி நேரத்தில் நூற்றுக்கு நூறு!

அதனால்தான் விலை இப்படி ஆடுகிறது. பொங்கல், தை முகூர்த்தம் என்றால் கிலோ ஆயிரங்களில் பேசும். அப்போது பேப்பரில் 'மல்லிகை விலை உச்சம்' என்று செய்தி வரும். நாமும் 'விவசாயி காட்டில் மழை' என்று காபியை உறிஞ்சுவோம். சித்தப்பா சிரித்தார்.

"தம்பி, தையில விலை ஏன் ஏறுது? பனியில பூ கிடையாது. மார்கழியில செடிய வெட்டி விட்டுருப்போம். மொட்டைச் செடி நிக்கும். விலை இருக்கைல பூ இருக்காது. பூ இருக்கைல விலை இருக்காது. பேப்பர்காரன் ரெண்டாவத எழுத மாட்டாம்லா!"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

* * *

பூ எடுப்பு முடிந்ததும் சித்தப்பா செடி வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் தொட்டி வைக்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிச்சியை விதை போட்டு வளர்ப்பதில்லை. முற்றின கிளையை வெட்டி நட்டு வேர் பிடிக்க வைப்பார்கள், அல்லது செடியில் இருக்கும்போதே கிளையை வளைத்து மண்ணுக்குள் பதியம் போடுவார்கள். ஆனியிலிருந்து கார்த்திகைக்குள் நடவு. குழிக்கு ஒரு கூடை தொழுவுரம். செடிக்குச் செடி ஐந்தடி, ஆறடி இடைவெளி விட வேண்டும். நெருக்கி வைத்தால் கொடி பின்னிக்கொண்டு ஆள் நுழைய முடியாது. சித்தப்பாவின் அரை ஏக்கரில் எழுநூறு செடிச் சொச்சம் இருந்தது.

முக்கியமான வேலை கவாத்து. பூ புதுத் தளிரில்தான் வரும். பழைய கொம்பில் வராது. அதனால் மார்கழியில் தண்ணீரை நிறுத்தி, செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். "பெத்த பிள்ளைக்கு மொட்டை போடுத மாதிரிதான். முதல்ல பாக்கச் சகிக்காது. பொறவு முடி அடர்த்தியா வரும்" என்றார் சித்தப்பா. வெட்டியதும் தூரைச் சுற்றி மம்பட்டியால் கொத்தி, தொழுவுரம் போட்டு, தண்ணீர் விட வேண்டும். ரசாயன உரம் போடுவதென்றால் இரண்டு தவணை: கவாத்து முடிந்ததும் ஒன்று, ஆனி ஆடியில் ஒன்று.

இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளிக்கலாம். மொட்டில் நூலாம்படை கட்டி ஓட்டை விழுந்தால் மொட்டுப்புழு. மொட்டு ஊதா நிறமாகிப் பிஞ்சிலேயே உதிர்ந்தால் மொட்டு ஈ. வெயில் காலத்தில் இலைக்கு அடியில் செம்பேன் வந்தால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடிப்பார்கள். விலை இல்லையே என்று பூவைச் செடியிலேயே விடக்கூடாது. விட்டால் புழுவுக்கு விருந்து. அதாவது நஷ்டம் என்று தெரிந்தும் கூலி கொடுத்துப் பறிக்க வேண்டிய நாட்களும் உண்டு.

2020 ஊரடங்கைப் பற்றிச் சித்தி சொன்னார். கோயில் அடைப்பு. கல்யாணம் இல்லை. பஸ் இல்லை. "செடிக்குத் தெரியுமா தம்பி ஊரடங்கு? அதுபாட்டுக்குப் பூத்துக் கொட்டுச்சு. எடுத்து எடுத்து மாட்டுக்குப் பக்கத்துல குப்பையில போட்டோம். வீடு பூராம் மணக்கு. அழுகையா வருது." மணத்தைக் கேட்டு அழுகை வரும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

* * *

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் வெறும் தொட்டிக்காக வரவில்லை என்பது இரண்டாம் நாள் மத்தியானம் தெரிந்தது. இலை போட்டுச் சாப்பிட்டு முடித்ததும் மெல்ல ஆரம்பித்தார்.

"சித்தப்பா, நான் வேலையை விட்டுட்டு இங்கயே வந்துரலாம்னு பாக்கேன்."

சித்தப்பா தாம்பூலத்தை மென்றுகொண்டே அவரைப் பார்த்தார். சித்தி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

இளைஞர்களே, இது உங்களில் பலரும் மாதக் கடைசியில் காணும் கனவுதான். மேனேஜர் கத்துகிறார், மின்சார ரயிலில் கூட்டம், வீட்டு வாடகை ஏறிவிட்டது, 'பேசாமல் ஊருக்குப் போய் விவசாயம் பார்க்கலாம்' என்று தோன்றும். அந்தக் கனவில் வரும் வயலில் எப்போதும் சாயங்கால வெயில் அடிக்கும். கொசு இருக்காது. கடனும் இருக்காது.

நண்பர் பேப்பரும் பேனாவும் எடுத்தார். ஒரு பேச்சுக்குக் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். கமிஷன் 30. எடுப்புக் கூலி 80. வண்டிக் கூலி 5. மிச்சம் 185. உரம், மருந்து, தண்ணீர், களையெடுப்பு எல்லாம் அதற்குள். பரவாயில்லையே என்று நண்பர் முகம் மலர்ந்தது.

"நூறு ரூவா விக்கிற அன்னிக்குப் போடு" என்றார் சித்தப்பா.

கமிஷன் 10. எடுப்புக் கூலி அதே 80. வண்டி அதே 5. மிச்சம்? ஐந்து ரூபாய்.

விலை இறங்கினால் கமிஷன் இறங்குகிறது. கூலி இறங்காது. இறங்கவும் கூடாது, இரண்டரை மணிக்குத் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு வருகிற ஆச்சிக்கு அது நியாயமான காசு. ஆக, விலையின் ஏற்ற இறக்கம் மொத்தமும் ஒரே ஒரு ஆளின் தலையில் விழுகிறது. அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் எங்கள் எதிரே உட்கார்ந்து தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்தார். காஸ்ட் அக்கவுண்டன்சியில் இரண்டு பேரும் பாஸ் செய்திருந்தோம். ஆனால் அந்தப் பாடம் உயிரோடு உட்கார்ந்து வெற்றிலை போடுவதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

மாச வாரியாகவும் ஒரு கணக்கு எழுதினோம். ஆடியில் கல்யாணம் இல்லை. தபசும் ஆடி வெள்ளியும் கொஞ்சம் காப்பாற்றும். ஆவணியில் ஓணமும் முகூர்த்தமும். புரட்டாசியில் படுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு போராட்டம். மார்கழி, தையில் பூ இல்லை. நிச்சயமான சம்பளம் என்று எந்த மாதத்தின் நேரேயும் எழுத முடியவில்லை.

"அது மட்டுமில்ல" என்று சித்தி ஆரம்பித்தார். "பூ எடுக்க ஆளு எங்க இருக்கு? வாரவுகள்ல ஒருத்தருக்கும் அம்பது வயசுக்குக் கொறையாது. அவுக மகளுவ எல்லாம் காலேஜுக்குப் போவுது, தறிக்குப் போவுது. நல்லாத்தான் இருக்கட்டும். ஆனா பத்து வருசம் கழிச்சு யாரு எடுப்பா?"

பதில் யாருக்கும் தெரியவில்லை. 'செண்ட் ஃபேக்டரி வந்தால் வருஷம் பூராவும் ஒரு அடிப்படை விலை கிடைக்கும்' என்பது இந்த வட்டாரத்தில் நீண்ட நாளாகக் காதில் விழுகிற கோரிக்கை. சீசனில் மிஞ்சுகிற பூவை வாங்கிக்கொள்ள ஒரு நிச்சயமான ஆள் இருந்தால் விலை தரையைத் தொடாது. பொருளாதாரம் படித்த யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அது சித்தப்பா கையிலும் இல்லை, நண்பர் கையிலும் இல்லை.

அப்புறம்தான் முட்டாய்ப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு நோட்டு வந்தது. சித்தப்பா ஒரு கமிஷன் கடையில் வாங்கிய முன்பணக் கணக்கு. கிணற்றைத் தூர்வார ஒரு தடவை, மகள் கல்யாணத்துக்கு ஒரு தடவை. வட்டி கிடையாது. "வட்டியில்லாம யாரு குடுப்பா?" என்றார் சித்தப்பா பெருமையாக.

நண்பருக்கு அக்கவுண்டன்ட் மூளை விழித்துக்கொண்டது. "சித்தப்பா, வட்டி இல்ல. ஆனா பூவை வேற கடைக்குக் கொண்டுபோக முடியுமா?"

"அது எப்படிடே? வாங்கின இடத்துலதான போடணும்? அது மொறையில்லல்லா."

"பக்கத்துக் கடையில கிலோவுக்குப் பத்து ரூவா கூடக் கேட்டா?"

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. வட்டி அந்தப் பத்து ரூபாயில் இருந்தது.

ராத்திரி வெகு நேரம் திண்ணையில் பேச்சு ஓடியது. நண்பர் விடவில்லை, வந்தே தீருவேன் என்றார். கடைசியில் சித்தப்பா சொன்னார்: "ஏலே, நீ சம்பளத்தோட வந்தா விவசாயி. சம்பளத்தை விட்டுட்டு வந்தா கடன்காரன். ரெண்டுல எதுன்னு மார்கழிக்குள்ள சொல்லு. செடிய வெட்டணுமா, தோண்டணுமான்னு நான் முடிவு பண்ணணும்."

தோண்டணுமா என்றதும் எனக்குத் திக்கென்றது. விஷயம் இதுதான். பிச்சிச் செடியின் ஆயுசு நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷம் வரை. தோட்டத்தில் பாதி அந்த வயசைத் தொட்டுவிட்டது. மறு பாதி பின்னால் நட்டது, ஆறு வயசு. மொத்தத்தையும் தோண்டிவிட்டு, 'பிளாட் போடக் கேட்கிறார்கள்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிற யோசனை சித்தப்பாவுக்கு இருந்திருக்கிறது. அவர் மகன் வெளியூரில். 'உங்க இஷ்டம்பா' என்று சொல்லிவிட்டான்.

* * *

மார்கழியில் நண்பர் மட்டும் ஊருக்குப் போய் வந்தார். வந்து சொன்னார்.

பழைய பாதியைத் தோண்டியாகிவிட்டது. அதில் கேந்தியும் உளுந்தும் மாற்றி மாற்றிப் போட்டு மண்ணுக்கு ஓய்வு. புதிய பாதிக்குக் கவாத்து. நண்பர் வேலையை விடவில்லை. இரண்டு வருஷ போனஸில் சேர்த்ததைக் கொண்டுபோய் அந்த முன்பணத்தை அடைத்துவிட்டார். கமிஷன் கடைக்காரரும் சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொண்டாராம். இனி சித்தப்பா எந்தக் கடையில் விலை அதிகமோ அங்கே சாக்கை இறக்கலாம். பிளாட் பேச்சு இப்போதைக்கு இல்லை. 'இப்போதைக்கு' என்பதை நண்பரே இரண்டு தடவை சொன்னார்.

"பாதிக்குப் பாதியா?" என்றேன்.

"சங்கரன்கோவில்லடே!" என்றார்.

பூ எடுக்க ஆள் பிரச்னை அப்படியேதான் இருக்கிறது. சித்தியே இரண்டரை மணிக்குத் தலையில் விளக்கு மாட்டிக்கொள்கிறார். இதற்கு நண்பரின் பேப்பரிலும் வழி இல்லை.

பால்கனி ஆசைக்காரர்களுக்கு ஒரு விஷயம் பாக்கி. பிச்சி தொட்டியில் வருமா என்றால், வரும். நல்ல வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். அதுதான் முதல் விதி. நிழலில் இலை வரும், பூ வராது. முழங்கால் உயரத் தொட்டி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, செம்மண்ணும் மணலும் மக்கின தொழுவுரமும் சம அளவு. மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். தினமும் ஊற்றினால் வேர் அழுகும். கொடியைக் கம்பியில் கட்ட வேண்டாம். கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிடுங்கள், தானே வழியும். மார்கழிக் கடைசியில் தைரியமாக ஒன்றரை அடிக்கு வெட்டுங்கள். வீட்டில் திட்டுவார்கள். ஆனியில் சாயங்காலம் ஏழு மணிக்கு மொட்டு விரியும்போது திட்டியவர்களே வந்து நிற்பார்கள்.

தெரு முனையில் பூக்காரம்மாவிடம் முழம் வாங்கும்போது பேரம் பேசுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் ஒன்று சொல்லுகிறேன். அந்த முழத்துக்குள் கட்டுக்கூலி, கமிஷன், ஐஸ், வண்டி, எடுப்புக் கூலி எல்லாம் போகத்தான் சித்தப்பாவின் பங்கு. பேரம் பேசிக் குறைக்கிற ஐந்து ரூபாய் எங்கே போய் இடிக்கும் என்று, பி.காம். படிக்காதவர்களும் கணக்குப் போட்டுவிடலாம்.